வாசல் தாண்டிய அரக்கு

சாயம் போடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பொருளையும் தூக்கி எறிந்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. எறிந்தது நாம்தானே, முடிந்தது கதை என்று நினைப்போம். அது எங்கேயாவது போய் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுவாமி புறப்பாட்டின் நடுவில், தெரு ஜனம் முழுக்க நின்று பார்க்க, நானே கற்றுக்கொண்டேன்.

என் பெயர் அஞ்சலை. பிறந்தது தாமல். ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். இரண்டாம் வகுப்பு பாதியில் படிப்பு நின்றது (நடவுக்கு ஆள் போதவில்லை; எனக்கும் வருத்தமில்லை). இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பேசுவதற்கு எழுத்து எதற்கு? கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தபோது என் வாயைப் பார்த்து மாமியாரே ஒரு மாதம் சும்மா இருந்தார். அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். பேச்சையும் சாயப்பொடி மாதிரிதான் எடுப்பார், சிட்டிகை சிட்டிகையாக. வீட்டின் பின்கட்டில் பெரிய தாமிர அண்டாக்கள், கீழே விறகடுப்பு. கொதிக்கிற சாயத்தில் நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டி முக்கி முக்கி எடுப்பார். நூல் குடித்தது போக மிச்சத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். நகராட்சி மாட்டு வண்டியில் குப்பை அள்ளின காலம் அது. சாக்கடைக்குப் போனது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. இந்த முகூர்த்தத்துக்கு எந்த நிறப் புடவை அதிகம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியதில்லை, எங்கள் தெருச் சாக்கடையைப் பார்த்தால் போதும். வைகாசி வந்தால் அரக்கு. அதென்னவோ அந்தக் காலத்துக் கல்யாணப் பெண்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டது போல அரக்குதான் கேட்பார்கள்.

எதிர்வீடு ராஜம்மா அக்காவுடையது. அவர்கள் தறி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். ராஜம்மா அக்கா சந்தோஷமாக இருந்தால் தெலுங்கு. கோபம் வந்தால் தமிழ் (நாங்கள் ஒரு வார்த்தையையும் தவறவிட்டுவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்). ஒருநாள் வாசலில் நின்று நல்ல தமிழில் ஆரம்பித்தார்.

"ஏகாம்பரம், வெளிய வாப்பா. என் கெணத்துல ஒரு வாளி எறச்சிப் பாரு. ஊர்லருந்து மருமவப்புள்ள வந்துக்கிறாரு. சோறு வடிச்சேன். ரோசாப்பூ கணக்கா சோறு. அவரு தட்டையும் என்னையும் மாத்தி மாத்தி பாக்குறாரு. இன்னான்னு சொல்றது நானு?"

"கேசரின்னு சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன் நான், உள்ளேயிருந்து.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நாளே அக்கா நகராட்சிக்குப் போய்விட்டார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். சத்தம் போடுகிற ரகமில்லை, அதுதான் பயமாக இருந்தது. அக்காவின் கிணற்றை எட்டிப் பார்த்தார், எங்கள் சாக்கடையைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உற்சவ வேலை தலைக்கு மேல இருக்குது. அது முடிஞ்சதும் வருவேன். அன்னைக்கு உங்க வீட்டு வாசலுக்கு வெளிய ஒரு சொட்டு சாயம் என் கண்ணுல பட்டாலும் அடுப்ப மூட வேண்டியதுதான். ஊருக்கு வெளிய எங்கனா எடம் பாத்துக்கங்க."

ஊருக்கு வெளியே எங்களுக்கு ஏது இடம்? இடம் கிடைத்தாலும் தண்ணீருக்கு எங்கே போவது? அடுப்பை மூடினால் என் வீட்டுக்காரர் வேறொருவர் அண்டாவில் கூலிக்குக் கோல் பிடிக்க வேண்டும். அவர் அன்று சாப்பிடவில்லை. மாமியார் என்னைப் பார்த்து, "கேசரியாம், கேசரி" என்றார். மகன் தொடாத தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அவமானத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஐயம்பேட்டைப் பக்கத்து அரிசி மில்லிலிருந்து பல் துலக்க உமிக்கரி கொண்டுவந்து கொல்லையில் கொட்டி வைத்திருப்போம். மில்லில் நெல் அவிக்க உமியை எரித்து, கருகினதை ரோட்டோரம் மலை மாதிரி குவித்துவிடுவார்கள். வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம். மில்காரருக்கு அது தொல்லை, போனால் சரி. ஒருநாள் அலசின சாயத் தண்ணீரை வாளியோடு அந்தக் கரிமேட்டில் இடறிக் கொட்டிவிட்டேன். திட்டு வாங்கப்போகிறோம் என்று குனிந்து பார்த்தால், மேட்டுக்கு அடியிலிருந்து கசிந்து வந்தது வெறும் தண்ணீர். கையில் ஏந்திப் பார்த்தேன். சோறு வடித்தால் சோறு சோறாகவே இருக்கும்போல அத்தனை சுத்தம்.

அவ்வளவுதான், என்னைப் பிடிக்க முடியவில்லை. உடைந்துபோன கிணற்று உறைகளைக் கொல்லையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினேன். அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் பாலாற்று மணல், அதன்மேல் கழுத்துவரை உமிக்கரி. கீழே ஒரு துளை, அதிலிருந்து சாக்கடைக்குத் தண்ணீர் வழிய ஒரு கூரை ஓடு. மேலே அரக்குத் தண்ணீரை ஊற்றினால் கீழே தண்ணீராக வந்தது. கரி நிரம்பிச் சொட்டு நின்றதும் மேல்கரியை அள்ளிக் கொல்லை மூலையில் காயப்போட்டுப் புதுக்கரி போடுவேன். என் வீட்டுக்காரர் துளைக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, "பரவால்ல" என்றார். அவர் கணக்கில் அது ஒரு கச்சேரி.

எனக்கு அது போதவில்லை. தெருக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இனிமே எங்கூட்டு சாயம் ஒரு சொட்டு வாசல் தாண்டாது. தாண்டினா என்னை ஏன்னு கேளுங்க."

(பிறகு கேட்டார்கள். எல்லாரும் கேட்டார்கள்.)

வைகாசி உற்சவத்தில் பெருமாள் எங்கள் தெரு வழியாக வருவார். காலை வெயிலே கால் வைக்க முடியாது. சுவாமி தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு அத்தனை பாரத்தையும் தோளில் சுமந்து வருகிறார்களே என்று வீட்டுக்கு வீடு குடம் குடமாகத் தெருவில் தண்ணீர் ஊற்றுவோம். அன்று தெருமுனையில் ஊற்றினது கொஞ்சம் அதிகம். மண் குழைந்து, சுவாமி திரும்புகிற இடத்தில் முன்னால் தூக்கினவருக்குக் கால் வழுக்கி, வாகனம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

எங்கள் வாசலோ அதைவிடப் பள்ளம். அங்கேயும் சேறு. அடுத்து நிற்கப்போவது எங்கள் வாசலில்தான். தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு மாமியார் தயாராக நிற்கிறார்.

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் பெருமாளே காப்பாத்து என்று கும்பிட்டுவிட்டு நின்றிருப்பாள். நான் தாமல்காரி. கும்பிட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை, சேற்றில் காய்ந்த மண் போட்டால் வழுக்காது, அது எனக்குத் தெரியும். கொல்லைக்கு ஓடினேன். மூலையில் காய்ந்து கிடந்த கரியும் மணலும் கண்ணில் பட்டது. கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டி, காலால் நிரவினேன். பஞ்சு மெத்தை மாதிரி வந்துவிட்டது. ஊரே என்னைப் பார்க்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை, அது தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் காதோரமாக வந்து கேட்டார். "இன்னாத்த போட்ட?"

"கரி மணலுதான்."

"எந்தக் கரி?"

நான் பதில் சொல்வதற்குள் மேளம் நெருங்கிவிட்டது.

அந்தக் கரி சாயத்தைச் சாப்பிட்டுச் செரித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வாயில் அடக்கி வைத்திருந்தது. காய்ந்தால் வெறும் கரி, கறுப்பு, நிறமே தெரியாது. அதிலும் நான் கடைசியாக அள்ளிக் காயப்போட்டது அரக்கு வாரத்துக் கரி. தொண்டைவரை குடித்தது.

சுவாமி வந்து நின்றார். ராஜம்மா அக்கா பக்தியோடு இரண்டு குடம் தண்ணீரைத் தூக்குகிறவர்கள் காலடியில் சரித்தார். மாமியார் தேங்காய் உடைப்பதில் என்றைக்கும் அவசரம் காட்டமாட்டார், அன்று சுற்றத்தார் பார்க்கிறார்கள் என்று இன்னும் நிதானம். அத்தனை நேரமும் அத்தனை பேரும் பாரம் தாங்காமல் காலை மாற்றி மாற்றி ஊன்றி அந்த ஈரக்கரியை மிதித்துக்கொண்டே நின்றார்கள். பிசைந்து கொடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

கற்பூரம் காட்டியாயிற்று. சுவாமி நகர்ந்தார். தூக்குகிறவர்கள் பள்ளத்திலிருந்து ஏறிக் காய்ந்த தெருவில் கால் வைத்தார்கள்.

அரக்கு. சுத்தமான, கல்யாணப் புடவை அரக்கு. ஐந்து விரலும் குதிகாலும் தனித்தனியாகத் தெரிய, எங்கள் வாசலில் தொடங்கி ஒவ்வொரு பாதமாகத் தெருவை நோக்கிப் போனது. அவர்கள் பின்னால் வந்த கோஷ்டியும் அதில் மிதித்தது. அதற்குப் பின்னால் வந்த ஜனமும் மிதித்தது. பட்டுப் பாவாடை கட்டின குழந்தைகள் வேண்டுமென்றே திரும்பி வந்து இன்னொரு முறை மிதித்துவிட்டுப் போயின.

நான் தூணோடு தூணாக நின்றேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சுவாமியைக் கும்பிடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டார். "குங்குமம்" என்றார், ஆசையாக. "சுவாமி போன தடம்" என்றார் இன்னொருவர். விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நாலு பேர் வைத்துக்கொண்டார்கள். ராஜம்மா அக்கா யாருக்கும் பின்தங்குகிறவரா? நன்றாக, ரூபாய்க் காசு அகலத்துக்கு, அழுத்தி வைத்துக்கொண்டார்.

மானம் போனால் போகட்டும் என்று தூணை விட்டு வந்தேன். சாயத்தைக் கும்பிட விடக் கூடாதே. "ஐயோ அக்கா, அது குங்குமம் இல்ல, சாயம்" என்று கத்தினேன்.

அக்கா கையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு தமிழுக்கு மாறினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டு நூல் என்பது புழு கொடுக்கிற பொருள். அதில் பிடிக்கிற சாயம் பருத்தியில் பிடிக்காது, வேட்டியில் பட்டால் துவைத்தால் போய்விடும். ஆனால் மனுஷன் தோலும் பட்டும் ஒரு ஜாதி. தோலில் பட்டால் தேய்த்தாலும் போகாது, தானாக உரிந்தால்தான் உண்டு. என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தாலே தெரியும், கல்யாணத்தன்று தாலி கட்டின கையே மயில்கழுத்து நிறம். ஆகவே வேட்டிகள் தப்பின. பாதங்களும் நெற்றிகளும் தப்பவில்லை.

அடுத்த தெரு மண்டபத்து வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் தன் காலடியில் பாதங்கள் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு யாரும் துப்புக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தடத்தைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு தெருவையும் நடந்து, நேராக எங்கள் வாசலில் வந்து நிமிர்ந்தார்.

"இங்கதான் ஆரம்பிக்குது" என்றார்.

"சார், பாத்தீங்களா சார்" என்று ராஜம்மா அக்கா ஓடிவந்தார். "ஒரு சொட்டு தாண்டாதுன்னு கொழாயடியில நின்னு சவால் உட்டா சார் இவ. ஊர் பூரா தாண்டிக்கினு போவுது."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். "உங்க நெத்தியில இன்னாம்மா?"

"குங்கு..." என்று ஆரம்பித்துவிட்டு அக்கா நிறுத்திக்கொண்டார். முந்தானையால் நெற்றியை மூடிக்கொண்டு மீதியைத் தெலுங்கில் முணுமுணுத்தார்.

அதற்குள் சுவாமியை அந்த மண்டபத்தில் இறக்கிவிட்டுத் தூக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பெரியவர் மாணிக்கம் அண்ணன், மலை மாதிரி உடம்பு. அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் முன்னால் நின்று ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார்.

"என் கல்யாணத்துக்கே எனக்கு யாரும் நலங்கு வெக்கலமா. இப்ப இந்தக் காலோட வூட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி எவ வூட்ல போயி வச்சிக்கினு வந்தேன்னு கேப்பா. நான் இன்னா பதில் சொல்றது?"

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மாணிக்கம் அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"ஆனா சார், ஒண்ணு சொல்லணும். முனையில வழுக்கிச்சு பாருங்க, நான் செத்தேன்னே நெனச்சேன். இங்க வந்து நின்னப்ப கால் அப்படியே புடிச்சி நின்னுது. இந்தப் பொண்ணு போட்டது இல்லன்னா பெருமாளு இந்தப் பள்ளத்துல படுத்துருப்பாரு. கால் செவந்தா செவந்துட்டுப் போவுது."

நான் தலையை மெல்ல நிமிர்த்தினேன் (இத்தனை நேரம் அது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது). "சார், சாக்கடைய பாருங்க மொதல்ல" என்றேன்.

பார்த்தார். எங்கள் ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். உள்ளே வந்து உறைத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கரியைக் கையில் எடுத்து முகர்ந்தார். நான் கரி எங்கே கிடைத்தது, ஜல்லி எப்படிப் போட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். நியாயமாக அவர் என்னைப் பாராட்டிவிட்டுச் சைக்கிள் ஏறியிருக்க வேண்டும். அவரோ கொல்லை மூலையில் குவிந்து கிடந்த பழைய கரியின் முன்னால் போய் நின்றார்.

"இது எங்க போகும்?"

"எங்கயும் போவாது சார். இங்கயேதான் கெடக்கும்."

"மழ வந்தா?"

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வந்தால் அந்தக் குவியல் மொத்தமும் கரைந்து தெருவைத் தாண்டி அக்காவின் கிணற்றுக்குள்தான் போகும். அன்றைக்கு ஒரு மருமகன் அல்ல, சம்பந்தி வீடு முழுக்க ரோசாப்பூச் சோறு சாப்பிடும்.

"தண்ணியில போனத கரியில புடிச்சீங்க. அது பெரிய வேலதான். ஆனா புடிச்சத இன்னும் உடல, மடியில கட்டிக்கினு உக்காந்துக்கிறீங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அந்த மனிதர் முந்திக்கொண்டார். இன்றைக்கும் அது எனக்குக் கொஞ்சம் ஆற்றாமைதான்.

குழி தோண்டிப் புதைக்கலாம் என்றார் மாமியார். மண்ணுக்கடியில் போனால் மட்டும் கிணற்றுக்கு வழி தெரியாதா? எரிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஈரக்கரி எங்கே எரிகிறது, புகைதான் வந்தது. அதற்கும் ராஜம்மா அக்கா தமிழில் வந்தார். அரக்குப் பொட்டு இன்னும் போகவில்லை. அவர் திட்டும்போது அது புருவத்துக்கு நடுவில் ஏறி இறங்கும். நான் சிரித்துவிடக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டே திட்டு வாங்கினேன். அடக்கமான பெண் என்று யாரோ சொன்னார்களாம்.

எரிய வைக்க அண்டா அடுப்பு போதாது, பெரிய நெருப்பு வேண்டும் என்று யோசித்தபோதுதான் என் அண்ணன் கோவிந்தன் ஞாபகம் வந்தது. தாமல் ஏரிக்கரையில் வண்டல் எடுத்துச் செங்கல் அறுத்துச் சூளை வைத்திருந்தான். சேற்றில் கொஞ்சம் உமி கலந்து அறுத்தால் செங்கல் உள்ளுக்குள்ளிருந்தே வேகும் என்று எல்லாச் சூளைக்காரரும் கலப்பார்கள். உமி கலக்கிற இடத்தில் உமிக்கரி கலந்தால் என்ன? வண்டி பிடித்துக் கரியை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன்.

அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "உனக்கு ஒரு சீமந்தம் வந்தா இட்டுக்கினு வரணும்னு அம்மா சொல்லிக்கினு இருக்குது. நீ இன்னாடான்னா குப்ப வண்டியில வந்து எறங்கற."

"குப்பன்னு சொல்லாதண்ணே. மிதிச்சா அரக்கு."

"மிதிக்கறதுதான் இங்க வேலயே" என்று சேற்றுக் குழியைக் காட்டினான். "எறங்கு."

நான் இறங்கி மிதித்தேன். நல்லது கொஞ்சம் போட்டால் போதுமா, நிறையப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கரியை வாரி வாரிக் கொட்டினேன். சூளை ஆறி, முதல் செங்கலை எடுத்தபோது அது என் கையிலேயே இரண்டாக உடைந்தது. கீழே விழுந்து நாலாக உடைந்தது. அண்ணன் ஒரு துண்டை விரலால் நசுக்கினான்.

"செங்கல் அறுக்க வந்தியா, அதிரசம் சுட வந்தியா? இத்த வச்சி வூடு கட்டினா வூட்டுக்காரன் தும்மக் கூடாது."

உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அரக்கு இல்லை. கறுப்பும் இல்லை. உள்வரை வெந்த செங்கல் நிறம். எனக்கு அதுவே போதும். அடுத்த சூளைக்கு அண்ணன் கூடையைத் தன் கையில் வைத்துக்கொண்டான், என்னைத் தூர உட்காரச் சொல்லிவிட்டான். மண்ணே பெரும்பங்கு, கரி ஊறுகாய் மாதிரி. இந்த முறை செங்கல் கணீரென்றது. கையில் எடுத்தால் மற்ற செங்கல்லைவிடக் கனம் குறைவு. அண்ணன் கல்லோடு கல் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வண்டி இருக்குதா?" என்றான். என் அண்ணன் என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்கினது அதுவே முதல் தடவை.

ஆனாலும் எனக்கு அந்தக் கரி ஒருமுறை செய்தது மறக்கவில்லை. காய்ந்திருக்கும்போது சாதுவாக இருந்துவிட்டு நனைந்ததும் சுயரூபம் காட்டினது அல்லவா? செங்கல்லை ஒரு பித்தளைக் குண்டானில் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். மறுநாள் அதை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, குண்டான்ல செங்கல்லு ஊறுது?"

"இட்லிக்குப்பா" என்றேன். அவர் அதன்பிறகு என் பக்கமே வரவில்லை.

நகராட்சி ஆபீசில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் குண்டானை வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் தளும்பி அவர் காகிதத்தில் கொட்டியது. அவர் குண்டானையும் என்னையும் பார்த்தார்.

"நீங்க கேட்ட கேள்விக்கு பதிலு சார்."

அவர் பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, தண்ணீரில் முக்கி, பிழிந்து, விரித்துப் பார்த்தார். வெள்ளை. துணி வெள்ளையாக இருந்தால் போதாது என்று எனக்குத் தெரியுமே. பருத்திதான் இந்தச் சாயத்தைப் பிடிக்காதே, அது எப்படிச் சாட்சி சொல்லும்? என் மடியிலிருந்து சாயம் போடாத ஒரு வெள்ளைப் பட்டு நூல் சிட்டத்தை எடுத்து நானே குண்டானுக்குள் முக்கினேன். தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பட்டும் வெள்ளை.

அவர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றது மரியாதைக்கா, மேஜையிலிருந்து வழிந்த தண்ணீர் மடியில் சொட்டினதாலா என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. மரியாதைக்குத்தான்.

"அடுப்பு எரியட்டும்மா" என்றார். "மத்த சாயக்காரங்களயும் உங்கூட்டுக்கு அனுப்பறேன். வந்து பாத்துட்டுப் போவட்டும்."

வந்தார்கள். அந்த வருஷமே எங்கள் தெருவில் உறைத் தொட்டி இல்லாத சாயப்பட்டறை இல்லை. தொட்டிக்குத் தொட்டி நான் போய் நின்று, கரி போதாது, மணல் அலசவில்லை என்று குறை சொன்னேன். கரி வண்டி தாமலுக்குப் போகும், செங்கல் வண்டி ஊருக்கு வரும். மில் வாசலில் இருந்த கரிமலை கரைந்துபோய், மில்காரர் பல் துலக்கவே கரியைத் தேட வேண்டியதாயிற்று. நகராட்சி ஆபீசிலிருந்து நான் திரும்பி வந்த அன்று என் வீட்டுக்காரர் என்னிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசினார். அது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளது, இங்கே சொல்வதாக இல்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ராஜம்மா அக்கா பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினார். கொத்தனார் எந்தச் சூளைக் கல் நல்லது என்று விசாரித்துக்கொண்டு நேராக என் அண்ணனிடம் போய் நின்றார். கனமில்லாத கல், வெயிலுக்கு வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்று அண்ணன் சொன்னானாம். அது எதில் செய்த கல் என்று அண்ணனும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. தெரியாமல் வாங்கினார் என்று நான் நம்பவில்லை. அவருக்குத் தெரியாத விஷயம் எங்கள் தெருவில் எது?

கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். பட்டுப் புடவை, தாம்பாளம், தேங்காய் பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு. அக்கா வாசற்படியில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"நில்லுடி. அங்கயே நில்லு." உள்ளே திரும்பி, "ஒரு கொடம் தண்ணி கொண்டாங்க" என்றார்.

ஊர் ஜனம் முழுக்கப் பார்க்கிறது. தண்ணீர் வந்தது. அக்கா தன் கையாலேயே என் காலில் ஊற்றினார். கீழே ஓடின தண்ணீரைக் குனிந்து பார்த்தார். போதாதென்று இன்னொரு குடம்.

"காலக் காட்டு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரிடம் காட்டுவது போல, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினேன். கூட்டத்தில் மாணிக்கம் அண்ணனும் இருந்தார், அவர் சிரித்த சிரிப்பில் பந்தல் கால் ஆடியது.

"ம், உள்ள வா" என்றார் அக்கா. முகத்தில் சிரிப்பு இருந்தது, பேசினதும் தெலுங்கில்தான்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் இதுதான் வழக்கம். என் பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போனாலும், அவர்கள் பேரப்பிள்ளைகள் இங்கே வந்தாலும், கல்யாணம் காதுகுத்து எதுவானாலும், வாசலில் ஒருவர் குரல் கொடுப்பார், "காலக் காட்டு." போன மாதம் வெளியூரிலிருந்து வந்த புது மருமகள் ஒருத்தி பாவம், ஏதோ பரம்பரைச் சடங்கு என்று நினைத்துப் பயபக்தியோடு காலைத் தூக்கிக் காட்டினாள். யாரும் அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. சடங்குதான், இருக்கட்டுமே.

அன்று நான் காட்டிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. கூடம், சமையல்கட்டு, பூஜை அறை என்று ஒவ்வொரு சுவராகக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் என் கரி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன். இருந்தது. நடுக்கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கேசரி கொண்டுவரச் சொன்னேன்.